இது எந்த மௌனம்?

ஓர் எண். அதைப் பூஜ்யத்தால் பெருக்க வேண்டும். வந்ததோடு அதில் பாதியைக் கூட்ட வேண்டும். அதை மூன்றால் பெருக்கி, பூஜ்யத்தால் வகுத்தால் 63 வருகிறது. அந்த எண் எது?

இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் முடித்த சித்தாந்த சிரோமணியின் லீலாவதி என்ற பகுதியில் இந்தக் கணக்கு இருக்கிறது. விடை 14 என்கிறார். பூஜ்யத்தால் பெருக்கியதும் எல்லாம் போச்சு என்று கையை உதறிவிடக் கூடாது. இன்னும் வேலை பாக்கி இருக்கிறது, பின்னால் அதே பூஜ்யத்தால் வகுக்கப் போகிறோம், அதுவரை பெருக்கலை நிலுவையில் வை என்பது அவர் வழி. இரண்டு பூஜ்யங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எஞ்சுவது அந்த எண்ணின் நாலரை மடங்கு. 63-ஐ நாலரையால் வகுத்தால் 14.

இதே கணக்கை ஜாவாஸ்கிரிப்டில் 14-லிருந்து தொடங்கி ஓட்டிப் பாருங்கள். முதல் படியிலேயே 0. அதன் பாதியும் 0, மூன்று மடங்கும் 0. கடைசியில் 0-ஐ 0-ஆல் வகுக்கும்போது திரையில் 63 வராது; 'நேன்' என்று வரும். 'நாட் எ நம்பர்' என்பதன் சுருக்கம். எண் அல்ல என்று பொருள். (அதன் வகை என்ன என்று அதே மொழியிடம் கேட்டால் 'எண்' என்று சொல்லும். அதை நினைத்துச் சிரித்துவிட்டுக் கடந்து போக வேண்டியதுதான்.)

நான் தண்ணீர்க் கணக்குகளுக்கு ப்ரோகிராம் எழுதிப் பிழைக்கிறவள். எந்த ஊரில் எத்தனை மில்லிமீட்டர் மழை, ஏரிக்கு எவ்வளவு வந்தது, வெயிலில் எவ்வளவு ஆவியானது, இவைதான் என் நாளெல்லாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகிறவள். பாஸ்கரருக்கு நினைவிருந்த ஒன்று என் இயந்திரத்துக்கு நினைவில்லாமல் போவதும், அதற்கு அது நேர்மையாக 'எண் அல்ல' என்று சொல்வதும் எனக்குக் கணக்குச் சமாச்சாரமாக மட்டும் தோன்றவில்லை. விடை சொல்ல முடியாத கேள்வி முன்னால் வந்து நின்றால் என்ன செய்வது என்பது மதங்கள் நெடுநாளாகப் புழங்கிய இடம்.

இயந்திரங்களுக்குள்ளேயே இதில் மூன்று கட்சி உண்டு. இன்டெல் வழி வந்த சிப்பிடம் ஒரு முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுக் கூச்சல் போடும். கைபேசிகளில் இருக்கும் ஏஆர்எம் சிப்பிடம் அதையே சொன்னால் சத்தமில்லாமல் 0 என்று விடை தரும். 628-இல் பிரம்மகுப்தரும் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றுதான் எழுதினார். ஆக, ஏஆர்எம்முக்கு நல்ல பரம்பரை இருக்கிறது. மூன்றாவது கட்சி, புள்ளி வைத்த எண்களுக்காக 1985-இல் வந்த ஐட்ரிபிள்ஈ 754 என்ற தரநிலை. அது நிற்காது, பொய்யும் சொல்லாது. நேன் என்ற முத்திரையைக் குத்தி வேலையைத் தொடரும். அந்த முத்திரை பட்ட மதிப்போடு எதைக் கூட்டினாலும் எதைப் பெருக்கினாலும் வருவதும் நேன்தான்.

கட்சிகளில் எனக்கு ஆகாதது இரண்டாவது. காரணம், எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் வரும் சபலம் அதுதான். தானியங்கி மழைமானிகளில், 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு தரம் உள்ளே இருக்கும் சின்னத் தொட்டி சாய்ந்து துடிப்பு அனுப்பும் வகை ஒன்று உண்டு. பேட்டரி தீர்ந்தால் துடிப்பு வராது, கோப்பில் அந்த நாட்கள் காலியாக நிற்கும். ஐப்பசி மழையில் சுற்றியிருந்த நிலையங்கள் எல்லாம் நனைந்துகொண்டிருந்த வாரத்தில் ஒரு நிலையம் அப்படிக் காலியாக இருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த பையன் உற்சாகமாக வந்து, "அக்கா, காலியா இருந்த இடத்துல எல்லாம் ஜீரோ போட்டுட்டேன். கிராஃப் இப்போ உடையாம வருது" என்றான்.

"அங்க மழை பெய்யலன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. ஆனா எதாவது ஒண்ணு போடணுமே."

அந்த 'எதாவது ஒண்ணு போடணுமே'தான் விஷயம். பூஜ்யம் என்பது ஒரு சாட்சி: பார்த்தேன், மழை இல்லை. காலியிடம் என்றால் பார்க்கவே இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால், பேட்டரி செத்த ஊருக்கு வறட்சி என்று பட்டம் கட்டிவிடுவோம். பையனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பைத்தானில் நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பாண்டாஸ் நூலகமே, மாதம் முழுவதும் நேனாக இருக்கும் நிலையத்தின் கூட்டுத்தொகையைக் கேட்டால் 0 என்று சொல்லும். நேன்களைத் தள்ளிவிட்டுக் கூட்டுவது அதன் வழக்கம்; எல்லாவற்றையும் தள்ளிய பிறகு கூட்ட ஒன்றும் இருக்காது; ஒன்றுமில்லாததன் கூட்டுத்தொகை பூஜ்யம். கணித இலக்கணப்படி சரிதான். ஆனால் அந்த 0-ஐ அறிக்கையில் பார்க்கும் அதிகாரிக்கு அது மழையில்லாத மாதம். குறைந்தது ஒரு நல்ல மதிப்பாவது இருந்தால்தான் கூட்டு என்று தனியாகச் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கட்சியான அந்தத் தரநிலையின் பின்னால் இருந்த முக்கியமான ஆள் வில்லியம் கஹான். டொரன்டோவில் பிறந்தவர், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 1989-இல் டூரிங் விருது பெற்றவர். அவருக்கு முந்திய காலத்தில் ஒவ்வொரு கம்பெனி இயந்திரமும் தனி மடம். சில இயந்திரங்களில், ஒப்பிட்டுப் பார்க்கும்போது பூஜ்யம் அல்ல என்று வரும் எண், வகுக்கப் போகும்போது பூஜ்யமாகிவிடும். இன்டெல்லின் 8087 சிப்புக்காக 1970-களின் கடைசியில் அவர் கொடுத்த யோசனைகள்தான் பிறகு தரநிலையாக விரிந்தன.

முதல் கட்சிக்காக, நிற்பதே நேர்மை என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது 1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து முதல் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பியது. கிளம்பிய பிறகு தேவையே இல்லாத ஒரு கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அதில் 64 பிட் மிதவைப்புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது இடம் போதவில்லை. திசைகாட்டும் கணினி, விதிப்படி, என்னால் முடியாது என்று நின்றுவிட்டது. அதற்குத் துணையாக வைத்திருந்த இன்னொன்றிலும் அதே ப்ரோகிராம். அதுவும் அப்படியே நின்றிருந்தது. திசைகாட்டும் கணினி நிற்கும்போது, தனக்கு என்ன ஆயிற்று என்ற குறிப்பைப் பிட்களாக அனுப்பியது. பெரிய கணினி அந்தக் குறிப்பைப் பறக்கும் நிலவரம் என்று எடுத்துக்கொண்டு ராக்கெட்டை வளைத்தது. கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு செயற்கைக்கோள்களோடு வெடித்துச் சிதறியது. 'தெரியவில்லை' என்று ஒருவர் சொன்னதை இன்னொருவர் விடையாகக் கேட்டுக்கொண்டார். சொன்னதில் குற்றமில்லை, அது விடை அல்ல என்ற அடையாளம் அதன் மேல் இல்லை. நேனின் பெருமை அது எண் அல்ல என்பது மட்டுமல்ல. எந்த எண்ணாகவும் வேஷம் போட முடியாது என்பதும்தான்.

முடிவிலிக்கு வருகிறேன். பாஸ்கரர் பீஜகணிதம் என்ற நூலில், ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் வருவதைக் கஹரம் என்கிறார். அதில் எதைச் சேர்த்தாலும் எதை எடுத்தாலும் மாறாது. பிரளயத்தில் உயிர்களெல்லாம் உள்ளே ஒடுங்கினாலும், படைப்பில் வெளியே வந்தாலும், அச்சுதன் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை, அதுபோல என்று ஓர் உவமை வைக்கிறார். கணக்குப் புத்தகத்துக்கு நடுவில் ஒரு கும்பிடு. தரநிலையின் முடிவிலியும் அப்படியே நடந்துகொள்கிறது. அதனோடு கோடியைக் கூட்டுங்கள், கோடியைக் கழியுங்கள், முடிவிலிதான்.

பிரிவது அடுத்த படியில். ஈசாவாசிய உபநிடதத்தின் சாந்தி மந்திரம் முழுமையிலிருந்து முழுமையையே கழித்துக் காட்டுகிறது. அங்கே விடைக்குத் தட்டுப்பாடில்லை. இயந்திரத்தில் முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் நேன். 1, 2, 3 என்று போகும் எண்களில் இரட்டை எண்களை மட்டும் எடுத்தால் முடிவில்லாத ஒற்றை எண்கள் மிஞ்சும். 10-க்கு மேலே உள்ளதை எல்லாம் எடுத்தால் பத்தே பத்து மிஞ்சும். எல்லாவற்றையும் எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. மூன்று தடவையும் முடிவிலியிலிருந்து போனது முடிவிலிதான். எப்படிப் பிறந்த முடிவிலி, எதை எடுத்தோம் என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது. இயந்திரத்துக்கு அது தெரியாது. 1-ஐ 0-ஆல் வகுத்து வந்ததும், ஒன்றுக்குப் பின்னால் 308 பூஜ்யம் போட்ட அளவைத் தாண்டி வழிந்து வந்ததும் அதற்கு ஒரே குறிதான். மந்திரம் கழித்தல் கணக்குப் போடவில்லை என்பது என் எண்ணம். அதைக் கணக்கு என்று நிரூபிக்கப் புறப்படும் வாட்ஸாப் பண்டிதர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. மந்திரத்துக்கும் அது மரியாதை இல்லை, கணக்குக்கும் இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் மறக்கும் இயந்திரம் ஒன்றை மட்டும் மறப்பதில்லை. அதன் பூஜ்யத்துக்குக் குறி உண்டு: கூட்டல் பூஜ்யம், கழித்தல் பூஜ்யம். இரண்டும் சமமா என்று கேட்டால் சமம் என்று சொல்லும். 1-ஐ அவற்றால் வகுத்தால் ஒன்று மேலே முடிவிலிக்கும் மற்றொன்று கீழே முடிவிலிக்கும் போகும். தேய்ந்து ஒன்றுமில்லாமல் போன எண், எந்தப் பக்கத்திலிருந்து தேய்ந்தது என்ற வாசனை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெருங்காயம் இருந்த பாண்டம். வாசனை என்ற சொல்லைப் பிறவிகளுக்குப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மன்னார்குடியில் இருக்கிறார். ஒருநாள் போனில் கேட்டேன்: "அப்பா, கேள்வி இருக்கு, பதில் இல்ல. இந்த மாதிரி எடத்துல நம்ம நூல்கள்ல என்ன பண்ணாங்க?"

"எந்த மாதிரி பதில் இல்லம்மா? அத மொதல்ல சொல்லு" என்றார்.

பிறகு மணிமேகலையின் கடைசிக் காதைக்குப் போனார். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருமம் சொல்லும் இடம். கேள்விக்கு விடை சொல்லும் முறை நான்கு என்று அங்கே வருகிறது: துணிந்து சொல்வது, பிரித்துச் சொல்வது, எதிர்க்கேள்வி கேட்பது, வாய் திறக்காமல் இருப்பது. நான்காவதற்கு உதாரணம், ஆகாயப் பூ பழையதா புதியதா என்று கேட்கிறவனுக்குப் பதில் பேசாதிருப்பது. பூவே இல்லை, அதன் வயதை எப்படிச் சொல்ல? "பேசாம இருக்கறதும் விடை சொல்ற முறையில ஒண்ணுன்னு கணக்குல சேத்திருக்கான் பாரு" என்றார் அப்பா. அவருக்கு அது இலக்கியம். எனக்குத் தரநிலையின் ஒரு பக்கம் போல இருந்தது.

அப்பாவின் எதிர்க்கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எந்த மாதிரி பதில் இல்லை? பாலி நூல்களில் புத்தர் விடை சொல்லாத இடங்களைத் தேடிப் படித்தேன். விடுதலை பெற்றவர் இறந்தபின் எங்கே பிறப்பார் என்று வச்சகோத்தர் என்ற நாடோடித் துறவி கேட்கிறார். பிறப்பார் என்பது பொருந்தாது, பிறக்கமாட்டார் என்பதும் பொருந்தாது என்கிறார் புத்தர். அணைந்துபோன நெருப்பு கிழக்கே போயிற்றா, மேற்கே போயிற்றா என்று கேட்பாயா என்கிறார். அங்கே கேள்வியே பொருந்தவில்லை. இன்னொரு சமயம் அதே வச்சகோத்தர் ஆன்மா உண்டா, இல்லையா என்று கேட்கிறார். புத்தர் பேசவே இல்லை. அவர் போன பிறகு தம் சீடர் ஆனந்தரிடம் காரணம் சொல்கிறார்: உண்டு என்றால் ஒரு கட்சியில் சேர்ந்ததாகும், இல்லை என்றால் ஏற்கெனவே குழம்பியவர் இன்னும் குழம்புவார். அங்கே தடை கேட்கிறவரின் நிலை. மாலுங்கியபுத்தர் என்ற சீடர் உலகம் நிலையானதா, முடிவுள்ளதா என்று வரிசையாகக் கேட்டு, சொல்லாவிட்டால் சங்கத்தை விட்டுப் போவேன் என்கிறார். விஷ அம்பு தைத்தவன், எய்தவன் யார், என்ன குலம் என்று தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்பது போல இருக்கிறது என்கிறார் புத்தர். அங்கே விடை இருந்தாலும் காயத்துக்கு உதவாது. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு மூன்றும் 'பதில் சொல்லவில்லை' என்ற ஒரே வரி. உள்ளே மூன்று வேறு காரணங்கள்.

நேனிலும் இதுவே நிலவரம். கழித்தல் ஒன்றின் வர்க்கமூலம் கேட்டால் நேன். மெய்யெண்களில் அப்படி ஒன்று இல்லை. 0-ஐ 0-ஆல் வகுத்தால் நேன். அங்கே விடை இல்லாமல் இல்லை, எந்த எண்ணைச் சொன்னாலும் பொருந்திவிடுகிறது, அதுதான் தொல்லை. மழைமானியின் பேட்டரி தீர்ந்தாலும் நேன். அங்கே விடை உண்டு, அன்று அந்த வயலில் நின்ற விவசாயிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மூன்றும் ஒரே பெயரில் திரிகின்றன. வேடிக்கை என்னவென்றால், காரணத்தைக் குறித்து வைக்க உள்ளே இடம் இருக்கிறது. 64 பிட்டில் நேனைக் குறிக்கச் சுமார் 9,007 லட்சம் கோடி வெவ்வேறு பிட் வடிவங்கள் உண்டு. எங்கே, எதனால் பிறந்த நேன் என்று அதில் எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம். பெரும்பாலான மொழிகள் அதைத் தொடுவதே இல்லை. புள்ளியியலார் பயன்படுத்தும் ஆர் மொழி ஒன்றைச் செய்தது: உள்ளே 1954 என்ற எண்ணைப் பொதிந்த நேனைத் 'தரவு கிடைக்கவில்லை' என்பதற்கு ஒதுக்கியது, மற்றதைக் 'கணக்கு பொருந்தவில்லை' என்பதற்கு விட்டது. ஆனால் இரண்டையும் ஒன்றோடொன்று கூட்டினால் எது மிஞ்சும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, இயந்திரத்தைப் பொறுத்தது என்று அதன் கையேடே கைவிரிக்கிறது.

சமயப் பேச்சிலும் இந்த 9,007 லட்சம் கோடி இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறோம். கடவுளைச் சொல்லால் சொல்ல முடியாது என்கிறார் ஒருவர். எனக்குத் தெரியாது என்கிறார் இன்னொருவர். கேள்வியே அபத்தம் என்கிறார் மூன்றாமவர். பட்டிமன்ற மேடையில் நடுவர் எழுந்து, ஆக எல்லாரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள் என்று முடித்துவைக்கிறார், கைதட்டல் கிடைக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நேனின் மிகவும் ஏசப்பட்ட குணம் இங்கே எனக்குத் துணை. ஒரு நேன் இன்னொரு நேனுக்குச் சமமா என்று கேட்டால் இல்லை. தனக்குத்தானே சமமா என்றாலும் இல்லை. புதிதாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் இரண்டு பேர் பேசாமல் இருப்பதால் இருவர் மனத்திலும் ஒன்றே இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

அதற்காக இயந்திரத்தை முழுக்கத் தூக்கிப் பிடிக்கவும் மாட்டேன். சமமா என்றால் இல்லை என்பதோடு அது நிற்பதில்லை. வேறா என்றால் ஆம் என்றும் சொல்லிவிடுகிறது. இரண்டு மௌனங்கள் வேறு என்பதும் நமக்குத் தெரியாதே. உண்டு, இல்லை என்ற இரண்டே சொல் உள்ள மொழிகளில் ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டியிருந்தது, சாய்ந்தார்கள். தரவுதளங்களின் எஸ்க்யூஎல் மொழி இந்த இடத்தில் நிதானமானது. அதன் வெற்று மதிப்பு இரண்டை ஒப்பிட்டால் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, 'தெரியாது' என்ற மூன்றாவது விடையைத் தரும். சமயங்களை ஒப்பிடுகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான்.

தெரியாதது ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் எல்லாமே பாழா? இல்லை. தரநிலையில் எனக்கு மிகவும் பிடித்த வரி இது: நேனின் அடுக்கு 0 என்று கேட்டால் விடை 1. அந்த இடத்தில் எந்த எண் இருந்திருந்தாலும் 1-தான் வந்திருக்கும். ஆகவே எது என்று தெரியாததால் நஷ்டமில்லை. அமுதசுரபியைக் கையில் வைத்துக்கொண்டு சிறைக்கோட்டத்தில் சோறு போட்ட மணிமேகலை, தத்துவக் கேள்விகளை முடித்துவிட்டுப் போய்ச் சோறு போடவில்லை. சமயவாதிகளிடம் அவள் விசாரிப்பது பிற்பாடு, வஞ்சியில். எந்தப் பதில் வந்தாலும் பசித்தவனுக்குச் சோறு சோறுதான்.

ஆனால் இந்தச் சலுகை கண்டபடி கிடைப்பதில்லை. 0-ஐ நேனால் பெருக்கினால் 0-தானே வர வேண்டும், எந்த எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே என்று தோன்றும். தரநிலை நேன் என்கிறது. தெரியாத அந்த மதிப்பு ஒருவேளை முடிவிலியாக இருந்தால்? பூஜ்யத்தை முடிவிலியால் பெருக்கினால் விடை கிடையாது. எல்லா வாய்ப்பையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எல்லாவற்றிலும் ஒரே விடை வந்தால் மட்டுமே 'எப்படி இருந்தாலும் இதுதான்' என்று சொல்ல உரிமை உண்டு. கடவுள் இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன என்று டீக்கடையில் பேசுகிறவர்கள், எந்தக் காரியத்துக்கு அப்படிச் சொல்கிறோம் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது. சில காரியங்களுக்கு அது அடுக்கு 0. சாவை எப்படி எதிர்கொள்வது என்பது போன்ற சிலவற்றுக்கு முடிவிலியோடு பெருக்கல்.

தரநிலை எழுதியவர்களுக்கே இது தீர்ந்த வழக்கு இல்லை. ஒரு மாதத்தில் ஒரே நாளில் அதிகம் பெய்த மழை எவ்வளவு என்று கேட்கிறோம். சில நாட்கள் நேன். தெரிந்த நாட்களில் பெரியதைச் சொல்வதா, அதைவிடப் பெரிய மழை தெரியாத நாளில் பெய்திருக்கலாம் என்பதால் நேன் என்று சொல்வதா? 2008 திருத்தம் ஒரு நேனும் ஒரு எண்ணும் வந்தால் எண்ணையே எடுத்துக்கொள் என்றது. எந்த வரிசையில் சேர்த்து ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்துச் சில சமயம் விடை மாறியது. 2019-இல் அந்த விதியை நீக்கினார்கள். இப்போது இரண்டு செயல்கள் தனித்தனிப் பெயரில் இருக்கின்றன. ஒன்று நேனைக் கடத்தும், மற்றது தள்ளிவிடும். எது வேண்டும் என்பதைத் தரநிலை தீர்மானிக்காது. ப்ரோகிராம் எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும்.